புளுகருக்குப் பக்கத்தில் இருந்தவர்

பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. யாராவது சொல்லியிருந்தால் அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஏழாம் வகுப்பின் வாசற்படி வரைக்கும் போனேன். உள்ளே போக எனக்கும் விருப்பமில்லை, வாத்தியாருக்கும் விருப்பமில்லை. ஆனாலும் ஒரு வேலையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து சுன்னாகம் சந்தை வரைக்கும் என்னை வெல்ல ஆள் இல்லை. அது 'ம்' சொல்லுகிற வேலை.

கதை சொல்கிறவருக்கு எதிரே ஒருவர் இருந்து, ஒவ்வொரு வசனம் முடியும்போதும் 'ம்' சொல்லிக்கொண்டு வரவேண்டும். கேட்கிறேன், விளங்குகிறது, மேலே சொல்லு என்ற மூன்றுக்கும் அந்த ஒரே எழுத்துத்தான். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். அம்மாவின் தம்பியான என் மாமா இதில் மிகவும் கறாரானவர். ஒரு தடவை நான் நடுவில் தூங்கிப்போனேன். கதையில் வருகிற மனுசன் அந்த நேரம் பனை உச்சியில் அடுத்தவனுடைய கள்ளு முட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அடுத்த கிழமை மாமா திரும்பி வரும்வரைக்கும் அந்த மனுசன் பனையிலேயே நின்றார். நடுவில் மழையும் பெய்தது. அவர் நனைகிறாரே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னுடைய 'ம்' அப்பாவிடமிருந்து வந்த சொத்து. அப்பா தோட்டக்காரர். வெங்காயப் பாத்தியோடு கதைத்த அளவுக்கு எங்களோடு கதைத்திருக்க மாட்டார். அம்மா ஊர்ப் புதினம் முழுவதையும் சொல்லி முடித்தால், கடைசியில் அவரிடமிருந்து ஒரு 'ம்' வரும். மூக்கில் தொடங்கித் தொண்டையில் போய் இறங்குகிற, கொஞ்சம் நீளமான 'ம்'. அதற்குள் ஓமும் இருக்கும், இல்லையும் இருக்கும். அம்மா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். "கொப்பற்றை வாய் அப்பிடியே உனக்கு வந்திருக்கு, மூளைதான் ஆற்றையெண்டு தெரியேல்லை" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லுவார். நான் அதையும் ஒரு பாராட்டாக எடுத்து மடியில் கட்டிக்கொள்வேன்.

மாமாவின் கதைகளில் வருகிற மனுசனுக்குப் புளுகர் என்று பெயர். வேறு பெயர் அவருக்கு இல்லை. மனைவி, பிள்ளை, கூட்டாளி என்று ஒருவரும் இல்லை. எங்கே போனாலும் தனியாகப் போய்த் தனியாக அகப்பட்டுக்கொள்வார். பெற்றோலுக்குப் பதிலாக விடுகிற மண்ணெண்ணெயும் கிடைக்காத காலத்தில் புளுகர் மோட்டார் சைக்கிளுக்கு வெங்காயச் சாறு விட்டு ஓடினார். போகிற வழியெல்லாம் சனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. யாரோ பெரிய ஆளின் பிரேதம் போகிறது என்று நினைத்துப் பத்துப் பேர் குடையும் கையுமாகப் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். புளுகர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நேரே சுடலைக்குப் போய்ச் சேர்ந்தார். இப்படித்தான் எல்லாக் கதையும். கேட்டால் வயிறு நோகும்.

அம்மா கதை கேட்பதில்லை. ஆனால் கதைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். பகலில் கதை சொல்லக் கூடாது. பகலில் கதை சொன்னால் பயணம் போனவர்கள் வழி மாறிப் போய்விடுவார்களாம். அதனால் புளுகர் விளக்கு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வருவார். மாமா ஊருக்கெல்லாம் வாய்காட்டுகிறவர்தான். ஆனால் அக்காவின் இந்தச் சொல்லை மட்டும் ஒருநாளும் மீறினதில்லை.

அது கிளாலிக் கடலால் ஆட்கள் போய்வந்த காலம். யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போக எங்களுக்கு வேறு பாதை இருக்கவில்லை. பொழுதுபட்ட பிறகு, நேவிக்காரரின் கண்ணில் படாமல், வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைத்துவிடுவார்கள். முன்னால் மெஷின் பூட்டிய வள்ளம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். என் அக்காவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பொருந்தி, அக்காவைக் கொழும்பில் பிளேன் ஏற்றிவிட அப்பாவும் மாமாவும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பயணத்துக்கென்று அப்பா ஒரு சோடி புதுச் செருப்பு வாங்கினார். அவருடைய கால் செருப்புக்குப் பழகாத கால். வாசல் படலையைத் தாண்டும்போதே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"காலுக்கு வாங்கினனீங்களோ கைக்கு வாங்கினனீங்களோ" என்று அம்மா கேட்டார்.

"ம்" என்றார் அப்பா.

அக்கா அழுதார். அம்மா அழுதார். அக்கா போனால் அவருடைய கட்டில் எனக்குத்தான் என்று நான் தங்கச்சியோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் திரும்பி வரவேண்டிய நாள் வந்தது. அதுவும் போனது. அம்மாவுக்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தெரியாது. தை மாதம், பனங்கிழங்கு கிண்டுகிற காலம். பாத்தியில் இருந்த கிழங்கையெல்லாம் கிண்டி எடுத்து, முற்றத்தில் கிடாரத்தை ஏற்றி அவிக்கத் தொடங்கினார். அவித்த கிழங்கின் தோலை உரித்து, இரண்டாகக் கிழித்து, நடுவில் இருக்கிற ஈர்க்கை இழுத்து எறிந்துவிட்டு வெயிலில் பரப்பவேண்டும். காய்ந்தால் புழுக்கொடியல். ஒரு வருசத்துக்கு இருக்கும். உரிப்பது நான். காகம் கலைப்பது தங்கச்சி. தங்கச்சிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. அதனால் அவள் என்னைவிடப் புத்திசாலியாக இருந்தாள்.

வெயில் ஏறிய நேரம் மாமா மட்டும் சைக்கிளில் வந்தார்.

சைக்கிளைப் பலாமரத்தில் சாத்தினார். ஹாண்டிலில் ஒரு துணிப்பை தொங்கியது. மற்ற நேரமென்றால் படலையில் நின்றே "டேய் மருமோன், வீட்டிலை என்ன அவிஞ்சு மணக்குது, உன்ரை மூளையோ" என்று கேட்டிருப்பார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலைமயிர் உப்புப் பிடித்து விறைத்து நின்றது.

"அவர் எங்கையடா?" என்று அம்மா கேட்டார்.

"வாறார்."

"பின்னாலையோ?"

"ஓம் அக்கா."

"பிள்ளை ஏறீட்டாளோ?"

"ஓம். சுகமா ஏறீட்டாள். கையும் காட்டினவள்."

அம்மா நெஞ்சில் கையை வைத்து ஒரு மூச்சு விட்டார். உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். மாமா அதை வாங்கி நிலத்தில் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் குந்தி ஒரு கிழங்கை எடுத்தார். எனக்கு அதிசயமாக இருந்தது. மாமா கிழங்கு தின்று கண்டிருக்கிறேன், உரித்துக் கண்டதில்லை. உரித்தார், கிழித்தார், ஆனால் ஈர்க்கை எடுக்க மறந்துபோய் அப்படியே பாயில் போட்டார். ஒன்றல்ல, தொடர்ந்து எல்லாவற்றையும். நான் பின்னால் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தேன். ஒருவர் செய்த பிழையை நான் திருத்தியது என் சீவியத்தில் அதுதான் முதல் தடவை. பெருமை தாங்கவில்லை. தேத்தண்ணீரில் எறும்பு மிதந்தது.

அந்தப் பெருமையில் வாயைத் திறந்தேன். "மாமா, புளுகர் ஒருநாளும் கொழும்புக்குப் போகேல்லையோ?"

"மூடடா வாயை" என்றார் அம்மா. "பகலிலை என்ன கதை உனக்கு? மனுசன் வழியிலை வந்துகொண்டிருக்கு."

மாமா கையிலிருந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "சொன்னாப் பறவாயில்லை அக்கா."

"என்னடா பறவாயில்லை?"

"இண்டைக்குப் பறவாயில்லை."

அம்மா கிடாரத்துக்கு அடியில் பனைமட்டை வைத்துக்கொண்டிருந்தார். வைத்த மட்டையிலிருந்து கையை எடுக்காமல் மாமாவையே பார்த்தார். நெருப்பு நெருங்கிச் சுட்ட பிறகுதான் கையை இழுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து இருந்துவிட்டார். பகலில் கதை. எனக்குப் பொங்கல் திரும்பவும் வந்த மாதிரி இருந்தது.

"புளுகர் கொழும்பிலை ஒரு ரோட்டைக் கடக்க வெளிக்கிட்டார்" என்று மாமா தொடங்கினார்.

"ம்."

"வாகனம் வருது, வருது, வந்துகொண்டே இருக்குது. புளுகர் நிண்டு நிண்டு கால் உளைஞ்சுபோய்ப் பக்கத்திலை நிண்ட ஆளைக் கேட்டார், ஐயா, இஞ்சை எந்தக் கோயில் தேர்? சாமி எப்ப இருப்பிடத்துக்குப் போகும்?"

நானும் தங்கச்சியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு புளுகர் ஒரு லொட்ஜில் தங்கினார். அங்கே சுவரில் ஒரு சின்னக் கட்டை இருந்ததாம். அதை அமத்தினால் எண்ணெய் இல்லாமல், திரி இல்லாமல் அறை முழுக்க வெளிச்சம் வருமாம். "புளுகர் சரியாப் புளுகிறார்" என்று தங்கச்சி சொன்னாள். அவள் பிறந்த பிறகு எங்கள் வீட்டில் கரண்ட் வந்த ஞாபகம் எனக்கும் சரியாக இல்லை. மாமா சொன்னதில் அதுதான் ஆகப் பெரிய பொய் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். முகட்டில் ஒரு காற்றாடி சுற்றியதாம். வீடு கிளம்பிப் பறக்கப் போகிறது என்று பயந்து புளுகர் விடியும்வரை கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம்.

"பேந்து புளுகர் ஊருக்கு வெளிக்கிட்டார்."

"ம்."

"தனிய இல்லை."

எனக்கு 'ம்' கொஞ்சம் பிந்திவிட்டது. புளுகர் எப்போதும் தனியாகத்தானே போகிறவர்? "ஆர் மாமா கூட?"

"ஒரு பெரியவர்."

"பேர்?"

"பேர் வேண்டாம்" என்றார் மாமா. "ரண்டு பேரும் கடற்கரைக்கு வந்திச்சினம். புளுகருக்குத் தண்ணியெண்டாப் பயம். வாய் மட்டுந்தான் பெரிசு. அது பெரியவருக்குத் தெரியும். தெரியுமெண்டு காட்டிக்கொள்ளேல்லை. தான் வள்ளத்தின்ரை ஓரத்திலை இருந்துகொண்டு, புளுகரை நடுவுக்குள்ளை இருத்தினார்."

"ம்."

"வள்ளத்திலை ஒருத்தரும் கதைக்கக் கூடாது. பீடி பத்தக் கூடாது. புளுகருக்கோ கதைக்காட்டி உயிர் போயிடும். அதாலை பெரியவரின்ரை காதுக்குள்ளை மெல்லமா ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தார்."

"ம்."

"பெரியவரும் ஒவ்வொரு வசனத்துக்கும் 'ம்' எண்டார்."

கதைக்குள்ளும் என்னைப்போல ஒரு 'ம்' காரர் வந்ததில் எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. நிமிர்ந்து இருந்து அடுத்த 'ம்'மை இன்னும் திறமாகச் சொன்னேன். ஆனால் மாமா சிரிக்கவில்லை. எப்போதும் புளுகருக்கு ஒரு குரல், மற்றவர்களுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிச் சொல்லுகிறவர், இப்போது எல்லாவற்றையும் தன்னுடைய குரலிலேயே சொன்னார். சுன்னாகம் போக பஸ் ஏறியவன் இறங்கிப் பார்த்தால் கீரிமலைக் கடல் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. எந்த இடத்தில் திரும்பியது என்று தெரியவில்லை.

"பெரியவர் செருப்பை நனையாமல் மடியிலை வைச்சிருந்தவர். நடுக்கடலிலை அதை எடுத்து, 'இதைப் பிடியும்' எண்டு புளுகரிட்டைக் குடுத்தார்."

அப்பாவும் இப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தோன்றியது. ஊரில் செருப்பைக் கையில் தூக்குகிற ஆட்கள் எத்தனை பேர் என்றும் தோன்றியது. அவ்வளவோடு என் மூளை நின்றுகொண்டது. அது சந்தி கண்டால் நின்றுவிடுகிற மாடு. அடித்தாலும் அசையாது.

"ஏன் குடுத்தவர்?" என்று அம்மா கேட்டார். திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கயிறு பிடிக்க. முன் வள்ளத்துக் கயிறு அறுந்துபோச்சு அக்கா."

காற்று விழுந்துவிட்டது. வேலியில் வரிசையாக இருந்த காகங்கள் கிழங்குக்கு இறங்கவில்லை. தங்கச்சி கலைக்கிற தடியை மடியில் போட்டுக்கொண்டு என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். கிடாரத்துக்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அது வள்ளத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம் மாதிரியே எனக்குக் கேட்டது.

"தூரத்திலை தண்ணிக்கு மேலை ஒரு கண் முழிச்சுது" என்றார் மாமா.

"ம்."

"ஒரு கண்தான். அங்காலை பாத்தது. இஞ்சாலை பாத்தது. பேந்து வள்ளத்தைப் பாத்தது. பாத்த இடமெல்லாம் பகலாப் போச்சு. ஆற்றை மூக்கு, ஆற்றை காது எண்டு எல்லாம் தெரிஞ்சுது. பெரியவர் எழும்பி நிண்டு கயிற்றை இழுக்கிறார். பேந்து வெடிச் சத்தம். பேந்து இருட்டு."

"ம்."

"வள்ளம் தன்ரை பாட்டிலை சுத்துது. சனம் குழறுது. பேந்து குழறலும் நிண்டுபோச்சு. புளுகர் குனிஞ்சு கிடந்துகொண்டு கதையைச் சொல்லுறார். நிப்பாட்டேல்லை. நிப்பாட்டினாத் தான் தனிச்சுப் போயிடுவன் எண்டு அவருக்குப் பயம். ஒரு வசனம் சொன்னார். பக்கத்திலையிருந்து 'ம்' எண்டு கேட்டிது."

"ம்."

"இன்னொண்டு சொன்னார். 'ம்.' விடியுமட்டும் சொன்னார். சொன்ன எல்லாத்துக்கும் 'ம்' வந்தது. அந்த நம்பிக்கையிலைதான் புளுகர் கிடந்தார். கிழக்கு வெளுத்திது. புளுகர் திரும்பிப் பாத்தார்."

மாமா கையிலிருந்த கிழங்கைப் பாயில் வைத்தார்.

"பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. பலகை வெறும் பலகையாக் கிடந்தது. புளுகருக்கு விசர் பிடிச்ச மாதிரி இருந்தது. அதையே பாத்துக்கொண்டு இன்னொரு வசனம் சொன்னார்."

"ம்" என்றேன். சரியாக வரவில்லை.

"'ம்' எண்டு கேட்டிது. தண்ணிப் பக்கத்திலையிருந்து."

இப்போது நான் 'ம்' சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. சொன்னால் அது யாருடைய 'ம்'? என் வாயிலிருந்து வருவது என்னுடையதாக இருக்குமா, இல்லை, அந்தப் பலகையில் இல்லாதவருடையதாக இருக்குமா? உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டேன். இத்தனை காலத்தில் முழித்துக்கொண்டு இருக்கும்போதே என் 'ம்' நின்றது அன்றைக்குத்தான். மாமாவும் நிறுத்திவிட்டார். சட்டப்படி அவர் எழும்பிப் போகலாம். போகவில்லை. என்னுடைய வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு பெரிய ஆள், மீசை வைத்த ஆள், என்னைப்போல ஒரு மடையனிடம் ஒரேயொரு எழுத்துக்காகக் கெஞ்சுகிற மாதிரி அப்படிப் பார்ப்பதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

அப்போது "ம்" என்று கேட்டது.

மூக்கில் தொடங்கித் தொண்டையில் இறங்கிய, கொஞ்சம் நீளமான 'ம்'. அப்பாவுடைய 'ம்'. தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்று படலையைப் பார்த்தாள். படலையில் ஒருவரும் இல்லை. சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது. அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா இருந்தார். அம்மாவைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை.

ஒருநாளும் கதை கேட்காத அம்மா 'ம்' சொல்லிவிட்டார். இனி மாமா நிறுத்த முடியாது.

"கூப்பிட்டவரோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை அக்கா."

"கன நேரம் நோவிலை கிடந்து உத்தரிச்சவரோ?"

"இல்லை. அந்த வெளிச்சத்தோடையே முடிஞ்சுது."

"பேந்து ஆள் கிடைச்சதோ?"

"அடுத்த நாள் கரையிலை அடைஞ்சிருந்தது. அங்கை வைச்சே எல்லாம் செய்தாச்சு. கொண்டுவர ஏலாது அக்கா. நான்தான் நெருப்பு வைச்சன்."

புளுகர் என்று சொல்லவேண்டிய இடத்தில் மாமா நான் என்று சொன்னதைக் கவனித்தேன். எவ்வளவு பெரிய கதைகாரருக்கும் களைத்தால் நாக்குப் புரளும்தானே என்று அவரை மன்னித்துவிட்டேன். அம்மாவின் கேள்விகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கதை கேட்கத் தெரியாதவர்கள் இப்படித்தான். அந்த 'ம்' சொன்ன பேய்க்கு என்ன நடந்தது, புளுகர் கரைக்கு எப்படி வந்தார் என்று கேட்காமல், யாரோ ஒரு பெரியவரைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தார்.

"செருப்பு?" என்றார் அம்மா.

மாமா தலையைத் தூக்காமல் சைக்கிளைக் காட்டினார்.

அம்மா எழும்பிப் போனார். ஹாண்டிலில் தொங்கிய பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து உள்ளே பார்த்தார். கொழும்பிலிருந்து ஏதும் தின்பண்டம் வந்திருக்கிறதோ என்று நானும் ஓடிப்போய் அம்மாவின் கைக்குக் கீழால் தலையை நுழைத்தேன். உள்ளே ஒரு சோடி செருப்பு. உப்புப் பூத்து, வார் இரண்டும் விறைத்து, உள்ளுக்குள் இன்னும் ஈரமாக இருந்தன. அடிப்பக்கம் மட்டும் தேயவே இல்லை. எனக்குப் பயம் வந்து தலையை வெளியே இழுத்துக்கொண்டேன். கதையில் இருந்த செருப்பு எப்படிப் பைக்குள் வரும்? அடுத்த விநாடி விசயம் பிடிபட்டுவிட்டது. இது அப்பாவின் செருப்பல்லவா. மாமா கதைக்குத் தேவைப்பட்டபோது கையில் இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். பயம் போய்ச் சந்தோசம் வந்தது.

"அப்பான்ரை செருப்பு வந்திட்டுது" என்று தங்கச்சிக்குச் சொன்னேன். "செருப்பு முன்னாலை வந்தா ஆள் பின்னாலை வருவார்." என் கணக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. ஆனால் அந்தக் கணக்கை நான் எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பது இப்போதும் என் காதில் நிற்கிறது.

அம்மா என்னைத் திருத்தவில்லை. பையைக் கழற்றி என் கையில் தந்து, "வெயிலிலை வை. ஈரம்" என்றார். நான் செருப்பைப் பாயின் ஓரத்தில் கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு காகம் கிட்ட வந்தது. தங்கச்சி தடியோடு ஓடிப்போய்க் கலைத்தாள்.

பிறகு அம்மா கிணற்றடிக்குப் போனார். உடுத்த சீலையோடு கல்லில் இருந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். மாமா துலாவைப் பதித்து இறைத்து இறைத்து ஊற்ற, அம்மா அப்படியே இருந்தார். வெள்ளிக்கிழமை இல்லை. அரப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அடுப்பில் கிழங்கு கிடக்கிறது. இந்த நேரத்தில் என்ன முழுக்கு என்று எனக்கு விளங்கவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த வெக்கையாக்கும் என்று நினைத்தேன். அம்மா எழும்பினார். மாமாவும் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு அம்மா எங்களைப் பார்த்து, "ரண்டு பேரும் வாங்கோ" என்றார்.

தை மாதத்தில் கிணற்றுத் தண்ணீரில் கையை விட்டாலே சளி பிடிக்கும் என்று அடிக்கிற அம்மா, தானே கூப்பிட்டு, சட்டையோடு நிறுத்தி எங்கள் தலையில் ஊற்றினார். நாங்கள் துள்ளினோம். தங்கச்சி கீச்சிட்டுச் சிரித்தாள். நான் வாய் நிறையத் தண்ணீரை எடுத்து மாமாவின் முகத்தில் ஊதினேன். அவர் துடைக்கவில்லை. பகலில் கதை, நடு மத்தியானத்தில் முழுக்கு, அடியில்லை, பேச்சில்லை. எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் இல்லாமல் போன அந்த ஒரு நாளை நான் அவ்வளவு அனுபவித்தேன்.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் எழும்பிப் போய்த் தலை முழுகவேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழி மாறிப்போக வழியில் ஒருவரும் இல்லாத வீட்டில்தான் பகலில் கதை சொல்லலாம் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் சொன்ன அந்த நிமிசமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் குளிராக, நல்லாக இருக்கிறது என்பதுதான்.

"இன்னொரு வாளி" என்று கேட்டேன்.

மாமா இறைத்தார். அம்மா ஊற்றினார்.